அம்பு காயிலேயே இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

‘இன்டு தி ப்ரீச்’ கணினி விளையாட்டின் மேலுள்ள பிரியத்தால் அதைப் பலகை விளையாட்டாக மாற்றியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் அச்சிட்டு, வெட்டி, ஒட்டி விளையாடும்படி பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கொடுக்க எண்ணம். மூலத்தின் விதி ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆனால் நண்பர்களோடு ஆடும்போது ஒரு சுற்று முடியவே அரை மணி நேரம் ஆகிறது. எதிரி எங்கே நகரும், யாரைத் தாக்கும் என்பதற்கு மூன்று அட்டவணைகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இலக்கைக் காட்டும் சிவப்பு வில்லைகளை நகர்த்த மறந்துபோய் வாக்குவாதமும் வருகிறது. எதைக் குறைப்பது? மூலத்தின் படங்களையே பயன்படுத்தியிருக்கிறேன்; பணம் வாங்காததால் சிக்கல் இருக்காதுதானே?

ச.

அன்புள்ள ச.,

பலகைக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான விளையாட்டு அமைவது அரிது. சப்செட் கேம்ஸ் 2018இல் வெளியிட்ட இந்த விளையாட்டின் களமே சதுரங்கப் பலகையைப் போல எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்டது. நம் பக்கம் மூன்று இயந்திரங்கள். எதிரில் ‘வெக்’ என்னும் பூச்சிப்படை, அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு நிற்கிறது. இதில் கொல்வதைவிடத் தள்ளுவதே பெரிய ஆயுதம். நாம் காக்க வேண்டிய கட்டிடத்தைக் குறிவைத்து நிற்கும் பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி வெற்று நிலத்திலோ, நம் அதிர்ஷ்டத்துக்கு இன்னொரு பூச்சியின் மேலோ விழும்.

விளையாடுபவருடைய மூளைக்கு உரியது அந்தத் தள்ளும் முடிவுதான். மற்றவை பெரும்பாலும் கணினி சத்தமில்லாமல் செய்து முடித்த கணக்கு வேலை. காகிதத்துக்கு வந்ததும் அது முழுவதும் ஆடுபவர்களின் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதை ஆடுபவர் யோசித்துச் செய்தாரா, கணினி அவருக்காகச் செய்ததா என்று பாருங்கள். முன்னதில் கை வைக்க வேண்டாம். பின்னதைக் காயின் அமைப்புக்குள்ளேயே அடக்க முடிந்தால் அடக்குங்கள், முடியாவிட்டால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

சிவப்பு வில்லையையே எடுத்துக்கொள்வோம். மூலத்தில் ஒரு பூச்சியைத் தள்ளினால் அதன் தாக்குதல் திசை மாறாது. தாக்கப்படும் கட்டம் பூச்சியோடு சேர்ந்து நகரும். நீங்கள் இலக்கைத் தனி வில்லையாக்கியதால் ஒரு தள்ளலுக்கு இரண்டு பொருட்களை நகர்த்த வேண்டியதாகிறது. மறதி அங்கேதான் புகுகிறது. காயைச் சதுரமாக வெட்டி, அதன் ஒரு விளிம்பில் அம்புக்குறியை அச்சிடுங்கள். பூச்சி குறிவைக்கும்போது காயைத் திருப்பி வைக்க வேண்டும், தள்ளும்போது திருப்பாமல் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். தொலைவிலிருந்து எறியும் பூச்சியாக இருந்தால், எத்தனை கட்டம் தள்ளி விழும் என்ற எண்ணை அம்பின் நுனியில் சேர்த்துவிடலாம். விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி குறையும், வாக்குவாதமும் ஓயும்.

மூன்று அட்டவணைகளுக்குப் பதிலாக ஒரு சிறு சீட்டுக்கட்டு போதும். ‘அருகிலுள்ள கட்டிடம்’, ‘அருகிலுள்ள இயந்திரம்’ என்று சீட்டுக்கு ஒரே கட்டளை. பலகையின் கட்டங்களுக்கு எண் அச்சிட்டுவிடுங்கள்; இரண்டு இலக்குகள் சம தூரத்தில் இருந்தால் சிறிய எண்ணுள்ள கட்டத்தில் இருப்பதே இலக்கு. பூச்சிகளின் தந்திரம் கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான், ஆனால் இந்த விளையாட்டின் நெருக்கடி அவற்றின் எண்ணிக்கையிலிருந்தே பெரிதும் வருகிறது. ஆகவே தரைக்கடியிலிருந்து புதிய பூச்சிகள் கிளம்பும் விதியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தின் மேல் ஏறி நின்று ஓர் அடியைத் தாங்கிக்கொண்டு வரவைத் தடுப்பதா, வரவிட்டுச் சமாளிப்பதா என்பது நல்ல முடிவு. அதற்குச் செலவு ஒரு வில்லை மட்டுமே. கட்டிடம் தற்செயலாகத் தப்பிக்கும் சதவீதக் கணக்கை நீக்கிவிடுங்கள். ஒரு சண்டையில் ஒருமுறை சுற்றைத் தொடக்கத்துக்கே திருப்பும் வசதியை மட்டும் விடாதீர்கள். சுற்று தொடங்கும்போது கைபேசியில் பலகையைப் படம் எடுத்து வைத்தால் தீர்ந்தது.

படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் வாங்காதது அனுமதி பெற்றதற்கு ஈடாகாது. ‘மெட்ராய்டு’ வரிசையின் இரண்டாம் விளையாட்டை ஒரு ரசிகர் பல ஆண்டுகள் உழைத்து மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாகத்தான் வெளியிட்டார்; உரிமை கொண்ட நிறுவனத்தின் பதிப்புரிமை அறிவிப்பால் பதிவிறக்க இணைப்புகள் சீக்கிரமே நீக்கப்பட்டன. ஆடும் முறை பதிப்புரிமைக்குள் வராது. வரைந்த படமும் எழுதிய வாசகமும் வரும். டெட்ரிஸைப் போலச் செய்த விளையாட்டு ஒன்றின் வழக்கில், விதிகள் பொது என்பதை ஏற்ற அமெரிக்க நீதிமன்றம், தோற்றத்தை அப்படியே எடுத்ததை 2012இல் உரிமை மீறல் என்றது. ஆகவே காய்களை நீங்களே வரையுங்கள், வேறு பெயர் வையுங்கள், படைத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேளுங்கள். இத்தனை அன்போடு செய்ததை ஒரு நாளில் இழப்பதை நான் விரும்பவில்லை.

அச்சைப் பொறுத்தவரை, 63 × 88 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். இருபக்க அச்சில் முன்னும் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் விலகுவது சகஜம் என்பதால் சீட்டின் பின்புறத்தில் ஓரக்கோடு போடாதீர்கள். கோடு இருந்தால்தான் விலகல் கண்ணில் உறுத்தும். கறுப்புப் பின்னணி மையைக் குடித்துவிடும், வெள்ளைப் பின்னணியில் இன்னொரு கோப்பும் கொடுங்கள். தாளுக்கேற்பச் சுருக்கும் அமைப்பை அணைத்து நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி முதல் பக்கத்திலேயே எழுதி, அளந்து பார்க்க ஐந்து சென்டிமீட்டர் கோடு ஒன்றையும் வரைந்து வையுங்கள். பலகை ஓர் அளவிலும் காய்கள் வேறு அளவிலும் அச்சாகிவிட்டால் சதுரக் காய் கட்டத்துக்குள் உட்காராது.