கோப்பையில் ஜெயித்த அணி, லீக்கில் தோற்கும் அணி

வணக்கம் ஐயா,

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்து எட்டு ஊர்கள் சேர்ந்து நடத்தும் கால்பந்து லீக்கில் இந்த வருஷம் எங்கள் பையன்கள் ஆறு ஆட்டம் ஆடி ஐந்தில் தோல்வி, ஒன்று டிரா. தோற்ற ஐந்தில் நான்கு எங்களைவிடச் சின்ன அணிகளிடம். போன ஞாயிறு சுழற்கோப்பை காலிறுதி. இரண்டு வருஷமாகக் கோப்பையை வைத்திருக்கும் அணியை 2–1 என்று அடித்துவிட்டோம். முதல் கோல் கார்னரில் தலையால் முட்டியது. இரண்டாவது, பின்னால் நடுவில் நின்று தடுக்கும் எங்கள் ஸ்டாப்பர் தூக்கி அடித்த பந்தை விங்கில் நின்ற பையன் தனியாளாக ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டது. இரண்டாம் பாதி முழுக்க எங்கள் கோல் முன்னால் இருக்கும் பாக்ஸில்தான் ஆட்டம், கீப்பர் காப்பாற்றினான்.

அன்று ராத்திரி மந்தையில் வெடி, மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ். வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் 'இனி லீக்கிலும் நாமதான்' என்கிறார்கள், மீதிப் பேர் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள், அரையிறுதிக்கு வெளியூர் பிளேயர் இரண்டு பேரை இறக்கப் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வரும் ஞாயிறு லீக் ஆட்டம், அதற்கடுத்த ஞாயிறு அரையிறுதி. இந்த வெற்றியை எப்படி எடுத்துக்கொள்வது? வேடிக்கை பார்க்க வரும் எங்களால் அணிக்கு ஏதாவது செய்ய முடியுமா?

— ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பையன்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆறு ஆட்டம் ஜெயிக்காத அணி, கோப்பையை வைத்திருப்பவர்கள் முன்னால் இறங்கி 2–1 என்று முடிப்பது லேசான காரியமில்லை. வெடி போட்டதில் தப்பே இல்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொரு வரி. தோற்ற ஐந்தில் நான்கு, சின்ன அணிகளிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் காலிறுதியில் நீங்கள் போட்ட இரண்டாவது கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய அணி பந்தை வைத்துக்கொண்டு ஏறி வந்தது. அவர்களுடைய டிஃபென்ஸுக்குப் பின்னால் அரை மைதானம் காலியாகக் கிடந்தது. உங்கள் பையன்கள் பின்னால் கூடி நின்றார்கள், ஒரு பந்து வெளியே விழுந்ததும் விங் ஓடினான், கோல். இப்போது லீக் ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். சின்ன அணி பந்தை உங்களிடம் கொடுத்துவிட்டு, எட்டு ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்தி, நீங்கள் ஏறி வந்து பந்தை விடுவதற்காகக் காத்திருக்கும். காலிறுதியில் நீங்கள் செய்ததைத்தான் லீக்கில் அவர்கள் உங்களுக்குச் செய்கிறார்கள். அந்தத் தோல்விகளில் விழுந்த கோல்கள் எப்படி விழுந்தன என்று நீங்கள் எழுதவில்லை. பாதிக்கு மேல் நீங்கள் பந்தை இழந்த அடுத்த சில நொடிகளில் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே உங்கள் குழுவில் இரண்டு கட்சிக்காரர்களுமே பாதி சரி. பந்து கையில் இல்லாதபோது ஆடத் தெரிந்த அணி உங்களுடையது, அது அதிர்ஷ்டமில்லை. பந்து கையில் இருக்கும்போது என்ன செய்வது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அதை இந்த வெற்றி தீர்த்துவைக்காது.

பெரிய கிளப்புகளுக்கும் இதே கதைதான். 2025 மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவோவில் இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாம், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையை எடுத்தது. எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். 42-வது நிமிஷத்தில் பிரென்னன் ஜான்சன் போட்ட ஒரே கோல். அதன் பிறகு பந்து பெரும்பாலும் யுனைடெட்டிடம். டாட்டன்ஹாம் பின்னால் நின்று அடைத்தது, ஒரு பந்தை அவர்களுடைய வான் டி வென் கோல் கோட்டிலிருந்தே காலால் தூக்கி அடித்து வெளியேற்றினார். 2008-க்குப் பிறகு கிளப்புக்கு வந்த முதல் கோப்பை. ஆனால் அதே சீசன் இங்கிலாந்து லீக்கில் 38 ஆட்டத்தில் 22 தோல்வி, 17-வது இடம். கோப்பை எடுத்து நான்கு நாள் கழித்து, சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1–4.

விகன் அத்லெட்டிக் கதை இன்னும் கொடுமை. 2013 மே 11-ல், தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில், மாற்று ஆட்டக்காரராக வந்த பென் வாட்சன் முழு நேரம் முடிந்த பிறகு கார்னரில் தலையால் முட்டி, மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வீழ்த்தினார்கள். மூன்றே நாளில் ஆர்சனலிடம் 1–4 தோற்று லீக்கின் முதல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். பர்மிங்காம் சிட்டியும் 2011 பிப்ரவரியில் 'லீக் கோப்பை' என்ற இன்னொரு நாக்-அவுட் கோப்பையை எடுத்தது, மே மாதம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

உங்கள் கமிட்டிக்கு நான் அதிகம் சொல்ல விரும்புவது மான்செஸ்டர் யுனைடெட்டின் இரண்டு கோப்பைகளைப் பற்றி. 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டியை 2–1 என்று ஜெயித்தார்கள். லீக்கில் எட்டாவது இடம், போட்ட கோலைவிட வாங்கியது ஒன்று அதிகம். அந்த ஒரு ஆட்டத்துக்குப் பின் மேனேஜர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் அவரை அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று 1990 ஜனவரி 7, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று. மார்க் ராபின்ஸ் போட்ட ஒற்றைக் கோலில் ஜெயித்தார்கள். அந்தக் கோல்தான் அன்றைய மேனேஜர் ஃபெர்குசன் வேலையைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அதோடு எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. அதன் பிறகு லீக்கில் இரண்டு தோல்வி, ஒரு டிரா. லீக்கில் ஜெயிக்க பிப்ரவரி 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சீசனைக் கோப்பையோடு முடித்தாலும் லீக்கில் 13-வது இடம்தான். லீக் பட்டம் வந்தது 1993-ல். ஒரு வெற்றியால் கிடைத்த அவகாசத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் 1990-க்கும் 2024-க்கும் வித்தியாசம்.

கோல் என்பது அரிதான சரக்கு. பெரிய லீக்குகளிலேயே இரண்டு அணியும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோலை ஒட்டித்தான் விழுகிறது. அதனால் ஒரே ஒரு ஆட்டத்தில் பலவீனமான அணி ஜெயிப்பது கால்பந்தில் மற்ற விளையாட்டுகளைவிட அதிகம். கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள்: தொழில்முறை அணிகளுக்கே நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல்தான் விழுகிறது. உங்கள் முதல் கோல் பயிற்சியில் போட்டுப் பார்த்த ஓட்டத்தில் வந்ததா, கூட்டத்தில் யார் தலையிலோ பட்டு வந்ததா? பையன்களிடம் கேளுங்கள். யார் எந்தக் கம்பம் பக்கம் ஓட வேண்டும், யார் கீப்பர் முன்னால் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசியிருந்தால் அது மறுபடி வரும். இல்லையென்றால் அதை நம்பி அரையிறுதிக்குப் போகாதீர்கள். கீப்பர் விஷயமும் அப்படித்தான். அவன் எத்தனை பந்தைப் பிடித்தான் என்பதைவிட எத்தனை பந்து அவனிடம் வந்தது என்பது முக்கியம். பத்து ஷாட்டைத் தடுத்தவனைத் தோளில் தூக்குங்கள், ஆனால் அந்தப் பத்து ஷாட்டும் ஏன் வந்தது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதை நீங்களே பார்க்கலாம். வேடிக்கை பார்க்க வரும் உங்களால் செய்ய முடிகிற முதல் உதவி அது. ஒரு நோட்டு, இரண்டு ஆள் போதும். ஒருவர் ஷாட்டை மட்டும் எழுதட்டும்: எந்த நிமிஷம், யார், பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, காலா தலையா, கார்னர் ஃப்ரீகிக்கில் வந்ததா ஓடுகிற ஆட்டத்தில் வந்ததா. இரண்டு அணிக்கும் எழுத வேண்டும். இன்னொருவர், உங்கள் அணி பந்தை எங்கே இழக்கிறது என்பதை மட்டும் எழுதட்டும். மைதானத்தை நீளவாக்கில் மூன்று பங்காகப் பிரித்து, நம் பக்கம், நடு, அவர்கள் பக்கம் என்று எழுதி, பந்தை இழக்கும் ஒவ்வொரு தடவைக்கும் அந்தப் பங்கில் ஒரு கோடு போட்டால் போதும். இழந்த பத்து நொடிக்குள் நம் பாக்ஸுக்குப் பந்து வந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு வட்டம். ஆட்டத்தின்போது ஒருவரே இரண்டையும் எழுதப் பார்த்தால் பாதி விட்டுப்போகும், கோல் விழுந்ததும் பேனா கையில் இருக்காது. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பதைச் சேர்த்து எண்ணி ஏமாறாதீர்கள். அப்படி அடித்தது இருபதுக்கு ஒன்று போனாலே பெரிது. பாக்ஸுக்கு உள்ளே அடித்த ஷாட்டில் எதிரணியைவிட நீங்கள் அதிகமா என்பதைத் தொடர்ந்து மூன்று ஆட்டம் பாருங்கள். அந்தக் கணக்கு ஏறினால், தோற்றாலும் அணி நிமிர்கிறது என்று அர்த்தம்.

வரும் ஞாயிறு லீக் ஆட்டத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஜெயித்த மிதப்பில் கூட்டம் அதிகமாக வரும், முதல் நிமிஷத்திலிருந்தே 'ஏறு, ஏறு' என்று கத்தும். பந்தைப் பின்னால் கொடுத்தால் கூச்சல் போடும். பையன்கள் பதினெட்டு இருபது வயதுக்காரர்கள். கூட்டம் கத்துவது அவர்கள் காலில் தெரியும். இரண்டு ஓரத்திலும் தடுக்க நிற்கும் பேக்குகள் ஒரே நேரத்தில் ஏறுவார்கள், நடுவிலிருந்து நீளப் பந்து தூக்குவார்கள், பந்து போகும், பின்னால் இரண்டு ஸ்டாப்பர் மட்டும் நிற்பார்கள். சின்ன அணி காத்திருப்பது அதற்குத்தான். ஆகவே உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்: பந்தைப் பின்னால் கொடுத்து, பக்கம் மாற்றி, மறுபடி தொடங்கும்போது கை தட்டுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் பையன்கள் அவசரப்பட மாட்டார்கள்.

பயிற்சியில், செவ்வாயும் வியாழனும் இதைச் செய்யச் சொல்லுங்கள். முப்பது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், ஒரு பக்கம் கோல், கீப்பர். ஆறு பேர் தாக்க, ஐந்து பேர் தடுக்க. எதிர்ப்பக்கக் கோட்டில் கல் வைத்து இரண்டு சின்ன கோல். தடுப்பவர்கள் பந்தைப் பறித்தால் அந்தச் சின்ன கோலுக்கு ஓட வேண்டும். பந்தை விட்டவர்கள் ஐந்து நொடி எல்லோரும் சேர்ந்து நெருக்க வேண்டும், முடியாவிட்டால் பின்வாங்க வேண்டும். நான்கு நிமிஷம் ஆட்டம், இரண்டு நிமிஷம் ஓய்வு, நான்கு சுற்று. இதில் ஒரு விதி கட்டாயம்: ஒரு பேக் ஏறினால் மற்றவன் ஏறக் கூடாது. இரண்டு ஸ்டாப்பரும், நடு மைதானத்தில் ஆடும் ஒரு ஹாஃபும் எப்போதும் பந்துக்குப் பின்னால். கோல் வாயில் கூட்டமாக நிற்கும் அணிக்கு மேலே தூக்கிப் போடுவதால் பயனில்லை. விங்கில் கடைசிக் கோடு வரை போய், தரையோடு பின்னால் பெனால்ட்டி புள்ளிப் பக்கம் இழுத்துக் கொடுத்தால்தான் இடம் கிடைக்கும். சனிக்கிழமை ஓட்டம் வேண்டாம்.

உங்கள் பக்கத்துச் செம்மண் மைதானம் வெயிலில் கல்லாக இறுகிவிடும் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். பந்தைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். விதிப்படி 0.6-லிருந்து 1.1 அட்மாஸ்ஃபியர் வரை, அதாவது 8.5-லிருந்து 15.6 பி.எஸ்.ஐ. வரை காற்று இருக்கலாம். இறுகிய தரைக்குக் கீழ்ப்பக்க அளவே சரி, 9 பி.எஸ்.ஐ. வைத்தால் பந்து துள்ளாமல் காலில் நிற்கும். பஞ்சர் கடை கேஜை நம்பாமல் பந்துக்கான ஊசி கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பந்து வைத்துக்கொண்டு ஆட வேண்டிய அணிக்கு இது சின்ன விஷயமில்லை. நீள ஸ்டட் பூட்ஸ் அந்தத் தரையில் பதியாது, கணுக்காலும் முழங்காலும் போகும்; அடி முழுக்கச் சின்ன சின்ன ரப்பர் குமிழ் உள்ளதே போதும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு டேங்கர் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். குடிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அதற்கு மேல் வேண்டாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால் மணிக்கு ஒரு தரம் அரை டம்ளர்.

சிங்கப்பூர்ப் பணத்தைப் பற்றி. வெளியூர் பிளேயர் இறக்குவதை நான் வேண்டாம் என்கிறேன், நியாயம் பேசுவதற்காக அல்ல. இரண்டு பேர் வந்தால் இரண்டு பேர் வெளியே உட்கார வேண்டும். அவர்கள் காலிறுதியில் ஓடிய பையன்கள். உங்கள் அணி ஜெயித்தது பத்துப் பேரும் ஒன்றாகப் பின்வாங்கியதால். முந்தின நாள் வந்து இறங்கும் ஃபார்வர்டுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அவன் திரும்பி ஓடவில்லை என்றால் உங்கள் ஒரே பலம் போய்விடும். போட்டி விதியில் அனுமதி உண்டா என்பது வேறு. பதிவு செய்யாத ஆள் இறங்கி எதிரணி புகார் கொடுத்தால் ஜெயித்த ஆட்டமும் போகும். அதே பணத்தில் ஐந்து நல்ல பந்து, ஊசி கேஜ், பூட்ஸ் இல்லாத பையன்களுக்குப் பூட்ஸ், மாதத்துக்கு நான்கு டேங்கர் தண்ணீர் வாங்கலாம். மிச்சம் இருந்தால் பயிற்சியாளர் ஒருவருக்குக் கொடுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் வாரம் இரண்டு நாள் வந்து போகக்கூடிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

அரையிறுதியில் எதிரணி உங்களைவிடப் பெரியதென்றால் காலிறுதி ஆட்டத்தையே ஆடுங்கள், மாற்றாதீர்கள். விங் பையனை மட்டும் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவன் மேல் ஒருவன் ஒட்டிக்கொள்வான், அப்போது எதிர் விங்கில் ஓட இன்னொருவன் வேண்டும். டிரா ஆனால் பெனால்ட்டிக்குப் போகும். ஐந்து பேர் யார் என்பதை வியாழக்கிழமையே முடிவு செய்து, பயிற்சியின் கடைசியில், கால் தளர்ந்த பிறகு ஆளுக்கு மூன்று அடிக்கச் சொல்லுங்கள். எந்த மூலை என்பதைப் பந்தை வைக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும், கீப்பர் அசைவதைப் பார்த்து மாற்றக் கூடாது. காலிறுதியில் மஞ்சள் அட்டை வாங்கியவர்களுக்கு அந்த அட்டை அரையிறுதிக்கும் தொடருமா என்று நடத்துபவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

லீக் ஆட்டம் முடிந்ததும் அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். வட்டம் போட்ட கோடுகள் எந்தப் பங்கில் இருக்கின்றன என்று பார்த்து, அரையிறுதிக்கு முன்னால் பதில் எழுதுகிறேன்.