மிகவும் பிடித்த ஃபேன்டஸி நாவலின் இரண்டாம் பாகம் கையில் இருந்தும் படிக்கப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி உண்டா? முதல் பாகத்தை மறுபடி படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பயம் எனக்கும் உண்டு. புத்தகம் சுமாராக இருந்துவிடுமோ என்பதைவிட, நமக்குப் பிடித்த ஆளை அதில் வேறு யாராகவோ மாற்றி வைத்திருப்பார்களோ என்ற பயம்தான் அதிகம். ஆனாலும் படித்துவிடுங்கள் என்பேன். காரணத்தை ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். கதை தெரிந்துவிடும், வேண்டாம் என்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

உர்சுலா கே. லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ முழுக்கத் தீவுகளாலான ஓர் உலகத்தில் நடக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெட் என்ற பையன் மந்திரம் கற்கப் போன இடத்தில், வீம்புக்கு ஒரு நிழலை எழுப்பிவிடுகிறான். அப்புறம் அதற்குப் பயந்து ஓடுகிறான், கடைசியில் அதையே துரத்துகிறான். அவன் தோல் செம்பழுப்பு நிறம் என்று ஆசிரியர் தெளிவாகவே எழுதியிருக்க, அட்டைப்படங்கள் பலவற்றில் அவனை வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டார்கள். திருவொற்றியூர்க்காரியான எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

1971-இல் புத்தகமாக வந்த இரண்டாம் பாகம் ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’. பிரித்தால் கெட் இல்லை. கடல் இல்லை, கப்பல் இல்லை. பாலைவனத்து நடுவில் ஒரு கல்லறைக் கோயில். அங்கே தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்தவள் என்பதற்காக, தெனார் என்ற சின்னக் குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். குழந்தையை மண்டியிட வைத்துத் தலையைப் பலிமேடையில் சாய்க்கச் சொல்கிறார்கள். முகமூடி போட்டவன் வாளை ஓங்குகிறான். கறுப்பு உடுத்திய இன்னொருவன் பாய்ந்து வந்து தடுக்கிறான். எல்லாம் சடங்குதான், கழுத்தில் கீறல்கூட விழவில்லை. ஆனால் அதோடு அவள் பெயர் போய்விடுகிறது.

என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முதல் பாகத்தைத் தூங்காமல் முடித்தவள், இதில் மூன்றாவது அத்தியாயத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். “இன்னா சித்தி, கெட் எப்பதான் வருவான்? இவ யாரு, வந்ததும் மூணு பேர சாவடிக்கிறா?” கேள்வி நியாயம்தான். அந்த அத்தியாயத்தில் தெனார் மூன்று கைதிகளுக்குச் சோறு தண்ணீர் இல்லாமல் இருட்டில் சாகும் தண்டனை கொடுக்கிறாள். “ரெண்டு அத்தியாயம் பொறுடி” என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்த வீடு எங்களுடையது. தொடர்கதை அடுத்த வாரம் விட்ட இடத்திலேயே தொடங்கும். அதே நினைப்பில் இரண்டாம் பாகத்தையும் எடுக்கிறோம், பாதி ஏமாற்றம் அங்கேதான் வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தாவது அத்தியாயத்துக்கு வருவோம். விளக்கே கொண்டுபோகக் கூடாத நிலவறைக்குள் தெனார் இறங்குகிறாள். அங்கே வெளிச்சம் தெரிகிறது. ஒரு கோலின் நுனியில் மந்திர ஒளி, அதைப் பிடித்தபடி ஒரு ஆள். நமக்கு அவன் கெட். அவளுக்குத் திருடன். (நான் இதைப் படித்தது மெட்ரோவில். தேரடியிலிருந்து தூண்மேல் வரும் ரயில் புது வண்ணாரப்பேட்டை தாண்டித் தரைக்கடியில் போகும். அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் வந்தது தற்செயல்தான், ஆனாலும் முதுகு சில்லிட்டது.) போன புத்தகம் முழுக்க யார் மனசுக்குள் இருந்தோமோ, அவனை இப்போது வெளியிலிருந்து பார்க்கிறோம்: தாகத்தில் நாக்கு வறண்டு, வழி தெரியாமல், ஒரு பெண்பிள்ளையின் தயவில் கிடக்கிறான். அந்த உலகத்தில் உண்மைப் பெயரை நம்பிக்கையானவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். அவனுடையது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவனைச் சாகவிடலாமா என்று அவள் யோசிக்கும்போது நமக்குப் பதறுகிறது. முதல் பாகம் படிக்காதவருக்கு இந்தப் பதற்றம் இவ்வளவு இருக்காது. இந்த வேலையை இரண்டாம் பாகம் ஒன்றால்தான் செய்ய முடியும்.

உடைந்த வளையம் இன்னொன்று. முதல் பாகத்தில் ஒதுக்குப்புறமான ஒரு தீவில் ஒரு கிழவி கெட்டிடம் அரை வளையத்தைக் கொடுப்பாள். அது என்னவென்று அவனுக்கும் தெரியாது, நாமும் கடந்துபோய்விடுவோம். மீதிப் பாதிக்காகத்தான் அவன் இந்தக் கல்லறைக்கே வந்திருக்கிறான். பயங்கரப் போரை விட்டுவிட்டு இப்படி ஒரு துண்டு உலோகத்தை எடுத்து வளர்த்ததுதான் எனக்குப் பிடித்தது. போன தடவை வந்த எதிரியையே கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி கொண்டுவரும் இரண்டாம் பாகங்களும் நிறைய உண்டு. அவை ஐம்பது பக்கத்தில் தெரிந்துவிடும், குற்ற உணர்வே இல்லாமல் மூடி வைக்கலாம்.

அக்கா மகள் முடித்துவிட்டாள். இப்போது மூன்றாவதில் (1972) கெட் முதல் அத்தியாயத்திலேயே வந்தும் சண்டை: “தெனார் எங்க?” அவள் நான்காவதில்தான் வருவாள். அது 1990-இல் வந்தது, நடுவயது விதவையாக வருகிறாள். அதைப் பள்ளிக்கூட வயதில் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதல் பாகத்தை மறுபடி படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சூட்டோடு சூடாக ஒப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள். பாதி மறந்திருந்தால் நல்லது, இரண்டாவதை முடித்துவிட்டு முதலாவதுக்குத் திரும்புங்கள். காசு யோசனை இருந்தால் சென்னை சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். “செட்டு கிடைக்காதும்மா, ரெண்டாவது மட்டும் இருக்கு” என்பார்கள். முதலாவதை யாரும் விற்பதில்லை போல.