எக்ஸாட்டிக் மருத்துவம் படிக்க எந்தக் கல்லூரி? – வாசகர் கேள்வி பதில்

கிளி, முயல், ஆமை போன்றவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பது ஆசை. அதற்கென்று தனிப் படிப்பு உள்ள கல்லூரி எது? நீட் எழுத வேண்டுமா? – பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

இப்படி வழக்கமான கால்நடையோ நாய், பூனையோ அல்லாத விலங்குகளுக்குப் பார்க்கும் வைத்தியம்தான் எக்ஸாட்டிக் மருத்துவம். இளநிலையில் அதற்குத் தனிப் படிப்பு எங்கும் இல்லை. எல்லோருக்கும் பி.வி.எஸ்சி. - ஏ.ஹெச். என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஒன்றுதான். நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், ஆக ஐந்தரை ஆண்டு. பாடத்திட்டத்தை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் வகுக்கிறது. சென்னை வேப்பேரியில் படித்தாலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் படித்தாலும் புத்தகம் ஒன்றே. அதில் மாடு, ஆடு, கோழி, நாய்க்குத்தான் பெரும்பங்கு. காட்டு விலங்கும் பூங்கா விலங்கும் சிறு பகுதி. மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் பிடிக்காது என்றால் இந்தப் படிப்பே வேண்டாம். அதைத் தாண்டாமல் கிளியிடம் வர முடியாது.

தமிழக இடங்களுக்கு பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தரவரிசை போடுகிறது. நீட் தேவையில்லை. ஆனால் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். பிற மாநிலக் கல்லூரியும் மனதில் இருந்தால் நீட் எழுதி வைப்பது நல்லது. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறக்க வேண்டாம்.

கட் ஆஃப் இடம் கொடுத்தால் எங்கள் வாக்கு வேப்பேரிக்கு. 1903-இல் தொடங்கிய கல்லூரி என்ற பழம்பெருமைக்காக அல்ல. நகரத்தில்தான் வளர்ப்புப் பறவையும் முயலும் ஆஸ்பத்திரிக்கு வரும். வனவிலங்கு அறிவியல் துறையும் அங்கே இருக்கிறது. வண்டலூர் பூங்காவும் கிண்டி பாம்புப் பண்ணையும் எட்டும் தூரம்.

மகனுடன் இரண்டு மூன்று கல்லூரிகளை நேரில் பார்க்கப் போகிறோம். என்ன கேட்பது? – ஒரு தந்தை, காஞ்சிபுரம்

கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போய், போன மாதம் நாய், பூனை தவிர எத்தனை கேஸ் வந்தது என்று கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும். அடுத்து, அந்தக் கேஸ்களை மாணவர் கையில் தருகிறார்களா, சுற்றி நின்று பார்க்கத்தான் விடுகிறார்களா என்பதை இறுதியாண்டு மாணவரிடம் தனியாகக் கேளுங்கள். பேராசிரியர் சொல்வதும் மாணவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது!

பிறகு கருவிகள். கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு இருக்கிறதா? சின்ன விஷயம்போலத் தோன்றும். பட்ஜி என்னும் சின்னக் கிளி 35 கிராம்தான் இருக்கும். நலமாக உள்ள பறவையிடம் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது. பட்ஜிக்கு அது வெறும் 0.35 மில்லி. நாய்த் தராசில் பட்ஜியை நிறுத்து மருந்தளவு போட்டால் கதை முடிந்தது. ஐசோஃப்ளூரேன் மயக்க மருந்துக் கருவியும், பறவைக்கு ஏற்ற சின்ன முகமூடியும், கஃப் (ஊதினால் உப்பும் பை) இல்லாத மூச்சுக்குழாய் டியூபும் உண்டா என்று பாருங்கள். பறவையின் மூச்சுக்குழாய் வளையங்கள் முழு வட்டமானவை, விரிந்து கொடுக்காது. கஃப்பை ஊதினால் உட்சுவர் நசுங்கிப் புண்ணாகும். உள்நோயாளிப் பகுதியில் ஊர்வனவற்றுக்குச் சூடு தரும் கூண்டு இருந்தால் அந்தத் துறை உண்மையாகவே இயங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உடல் குளிர்ந்திருக்கும் ஆமைக்கு எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

இன்டர்ன்ஷிப்பில் உயிரியல் பூங்காவில் எத்தனை நாள், வெளி கிளினிக்குக்குப் போக அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாடும் ஆடும்தான் வருகின்றன. தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டேனா? – மாணவர், தென்மாவட்டம்

இல்லை. எக்ஸாட்டிக் மருத்துவத்தின் பாதி, யாரும் கண்டுகொள்ளாத இரண்டு துறைகளில் இருக்கிறது. ஒன்று கோழி. பிரேதப் பரிசோதனைக்கு வரும் கோழிகளை வாரம் பத்து அறுத்துப் பாருங்கள். காற்றுப்பை எங்கே, சிறுநீரகம் எப்படி முதுகெலும்பில் ஒட்டியிருக்கிறது என்பது கைக்குப் பழகிவிடும். நாமக்கல்லில் படிப்பவருக்கு இது சுற்றிலும் கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவது ஆய்வக விலங்குகள்: முயல், கினி பன்றி, எலி. மாதவரத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு. முயலின் காது ரத்தநாளத்தில் ஊசி போட அங்கே கற்றவர், கிளினிக்கில் தடுமாறமாட்டார்.

நாய் வைத்தியத்தை அப்படியே இறக்குவதுதான் இந்தத் துறையில் அதிக உயிரைக் குடிக்கும் தவறு. முயலுக்கும் கினி பன்றிக்கும் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியா அழிந்து, க்ளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி, சில நாளில் சாவு. நாய்க்குத் தெளிக்கும் உண்ணி மருந்தான ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. ஆமைக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கூடவே கூடாது. அறுவைக்கு முன் முயலை இரவெல்லாம் பட்டினி போடுவது வீண். அதற்கு வாந்தி வராது, குடல்தான் நின்றுபோகும். கினி பன்றியால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, தீனியில் தர வேண்டும். பறவையைப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. அதற்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இவற்றுக்கு ஒரு நோட்டுப் போட்டு, விலங்குவாரியாக எழுதி வாருங்கள்.

இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. மேற்படிப்பு இங்கேயா, வெளிநாட்டிலா? – பயிற்சி மருத்துவர், சென்னை

எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தியாவில் என்றால் வேப்பேரியில் வனவிலங்கு அறிவியலில் எம்.வி.எஸ்சி. உண்டு, பரேலி அருகே இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தையும் பார்க்கலாம். டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தின் எம்.எஸ்சி. வேறு வகை, அது காட்டுயிர் ஆய்வாளரை உருவாக்குவது, மருத்துவரை அல்ல. முதுமலை யானை முகாம் மாதிரி வனத்துறை வேலை கனவென்றால், கால்நடை பராமரிப்புத் துறையில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் சேர்ந்து, அங்கிருந்து அயற்பணியில் போவதே வழக்கமான பாதை.

லண்டன் ராயல் வெட்டினரி காலேஜும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்தும் வனவிலங்கு நல எம்.எஸ்சி. நல்ல படிப்பு. ஆனால் அதை முடித்தால் பிரிட்டனில் கிளினிக் திறக்கலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். பதிவுக்கு ராயல் காலேஜ் ஆஃப் வெட்டினரி சர்ஜன்ஸ் நடத்தும் தேர்வு தனி. அமெரிக்கா என்றால் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதற்கான ஈ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் சான்று, உரிமம் பெற நேவ்லி தேர்வு, பிறகு இன்டர்ன்ஷிப், ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி, கடைசியில் விலங்கியல் மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பின் போர்டு தேர்வு. செலவும் ஆண்டுகளும் கூடும், ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு. இங்கே இரண்டு ஆண்டு கேஸ் பார்த்து, அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவருக்கே வாய்ப்பு.

கையாளப் பழக நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் வளர்க்கலாமா? – மாணவி, கோவை

கூடாது. இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வைத்திருப்பதே குற்றம், கால்நடை மாணவி என்பதால் விலக்கு இல்லை. பட்ஜி, காக்கடீல் கிளி வளர்க்கலாம், அவை பதிவுப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்க சாம்பல் கிளி, பால் பைத்தான் (ball python) பாம்பு போன்றவை, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸ் பட்டியலில் உள்ளவை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்பவர் அந்தப் பதிவைக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.