விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு: வீடியோ ஏன் திக்கித் திணறுகிறது?

விண்டோஸ் 11-இல் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு உபுண்டு லினக்ஸ் ஓட்டுகிறீர்கள். ஜன்னலை இழுத்தால் பின்தங்கி வருகிறது, யூடியூப் விட்டுவிட்டு ஓடுகிறது, 16 ஜிபி ரேம் இருந்தும் ஏன் என்று கேட்கிறீர்கள். ரேமுக்கும் இதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை.

முதலில் உபுண்டுவின் செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களைத் திறந்து கிராபிக்ஸ் வரியைப் பாருங்கள். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால், கிராபிக்ஸ் கார்டின் வேலை முழுவதும் சிபியு தலையில் விழுந்திருக்கிறது. விஎம்மை (உபுண்டு ஓடும் விர்ச்சுவல் மெஷினை) அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் அதன் செட்டிங்ஸைத் திறந்து, டிஸ்ப்ளே பகுதியில் விஎம்எஸ்விஜிஏ கன்ட்ரோலர், 128 எம்பி வீடியோ மெமரி, 3டி ஆக்ஸிலரேஷன் மூன்றையும் வையுங்கள். உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸும் (விர்ச்சுவல்பாக்ஸ் தரும் டிரைவர் தொகுப்பு) நிறுவியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஆமை. விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் குட்டியாக ஒரு பச்சை ஆமை தெரிகிறதா? (ஐகான் போட்டவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.) பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓடுகிறது என்று பொருள். உங்கள் சிக்கலில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆகியவற்றை அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் அதன் பிறகு டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓடாது. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு வசதி என்பதால் ஆபீஸ் லேப்டாப்பில் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

எல்லாம் சரிசெய்தும் யூடியூப் மட்டும் திக்கினால், விஎம்முக்குள் வீடியோவை டீகோட் செய்வது சிபியுதான். 1080-ஐ 720 ஆகக் குறையுங்கள், அல்லது படத்தை விண்டோஸிலேயே பாருங்கள்.