மனையும் மணல்மேடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கடற்கரையை ஒட்டி என் அப்பா இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய மனை ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி வெளியிட்டிருக்கும் வரைவு வரைபடத்தில் அந்தப் பகுதி முழுவதும் குடியிருப்பிலிருந்து பாதுகாப்பு மண்டலமாக மாறியிருக்கிறது. இனி வீடு கட்டவே முடியாது என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நிலத்தை இப்படிப் பிடுங்கிக்கொள்ளலாமா? எதிர்த்து மனுப் போடட்டுமா?

பதில்: போடுங்கள் அம்மா, கட்டாயம் போடுங்கள். என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மண்டலம் மாறுவதால் பத்திரத்தில் பெயர் மாறாது. நிலம் உங்களுடையதுதான். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதுதான் மாறுகிறது. அதுவே ஒரு குடும்பத்தின் சேமிப்பை முடக்கிப்போடும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு வருகிறேன். அதற்குமுன் அந்த இடத்தை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

முப்பது வருஷம் நில அளவை வேலை பார்த்தவன் நான். ஒரு கரையில், கடல் அமைதியாக இருந்த மாதங்களில், மணல்மேட்டின் அடியில் எல்லைக்கல் நட்டோம். தண்ணீர் நாற்பது தப்படி தள்ளி இருந்தது. புயல் காலம் முடிந்து போனபோது, மேட்டைக் கத்தியால் அறுத்தது போல் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிப்போட்டிருந்தது கடல். அடும்புக்கொடியின் வேர்கள் அறுந்த கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்கின. எங்கள் கல் அலைக்குள் கிடந்தது. கரை போய்விட்டது என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஆறேழு மாதம் கழித்துப் போனால், மணல் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அடும்பு மறுபடியும் தளிர் விட்டு, மான் குளம்பு போலப் பிளந்த இலைகளோடு புதுமணல் மேல் படர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புயலில் அலை மேட்டிலிருந்து மணலை இழுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் ஒரு திட்டாகப் போடுகிறது. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் உடைந்து வேகம் குறைகின்றன. கடல் அடங்கியதும் சின்ன அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றுகின்றன. காற்று அதை மேலே தள்ள, கொடி பிடித்து நிறுத்துகிறது. இந்தப் போக்குவரத்துக்கு இடம் வேண்டும். அதன்மேல் அஸ்திவாரம் போட்டால் மணல் வீட்டுக்கடியில் சிறைப்பட்டுவிடும். கெட்டது நடப்பது அந்த ஒரு மனையில் மட்டும் இல்லை, பக்கத்துக் கரைக்கும் போகவேண்டிய மணல் நின்றுபோகும்.

கடல் மட்டம் உயர்வதையும் சேர்த்துப் பாருங்கள். புரூன் என்ற பொறியியலாளர் 1962-இல் சொன்ன தோராயக் கணக்குப்படி, மட்டம் 1 சென்டிமீட்டர் ஏறினால் மணற்கரை 50 முதல் 100 சென்டிமீட்டர் வரை நிலத்துப் பக்கம் பின்வாங்கும். எல்லாக் கரைக்கும் அப்படியே பொருந்தாது என்றாலும், இருபது வருஷத்துக்கு முன் அளந்த தூரம் இன்றைக்கும் அதே தூரம் என்று யாரும் நம்பக்கூடாது.

பிரான்சில் லா ஃபோத் சுர் மேர் என்ற ஊரில், 2010 பிப்ரவரியில் சிந்தியா புயல் அடித்த இரவில், 29 பேர் இறந்தார்கள். கடல் கரைச்சுவருக்குப் பின்னால் தாழ்ந்த நிலத்தில் கட்டிய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆபத்து தெரிந்தும் அங்கே கட்ட அனுமதித்தது வழக்காகி, மேயர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. பிறகு அரசே அந்த வீடுகளை வாங்கி இடித்தது. இதைப் படித்தபின், 'கட்டாதே' என்று முன்கூட்டியே சொல்லும் உள்ளாட்சியின் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

சரி, உங்கள் சேமிப்பு? அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் லூகஸ் என்பவர் 1986-இல் 9,75,000 டாலருக்கு இரண்டு கடற்கரை மனைகள் வாங்கினார். 1988-இல் வந்த சட்டம் அங்கே வீடு கட்டத் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் சட்டம் பறித்தால், பொதுவாக இழப்பீடு தர வேண்டும் என்று 1992-இல் தீர்ப்பு வந்தது. கடைசியில் மாநிலமே மனைகளை வாங்கியது. போட்ட பணத்தை மீட்க அதையே வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றும்விட்டது! எனக்கு இன்றுவரை மனசு ஆறாத முடிவு அது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுதான். ஆனாலும் கரையைக் காப்பது எல்லோருக்கும் நன்மை என்றால் அதன் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே மண்டலமே வேண்டாம் என்று எழுதாதீர்கள். கோடு எந்த வருஷத்து அளவையை வைத்துப் போட்டது, உங்கள் மனையில் நேரில் வந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மனை மேட்டின் மேல் இருக்கிறதா, அதற்குப் பின்னால் திடமான தரையில் இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். மேட்டின் மேல்தான் என்றால் உள்ளாட்சியே வாங்கிக்கொள்ளவோ, மாற்று மனை தரவோ, வீடு கட்டும் உங்கள் உரிமையைக் கரையிலிருந்து தள்ளி வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொடுக்கவோ கேளுங்கள். குறைந்தபட்சம் குடியிருப்பு மனைக்கான வரியாவது நிற்க வேண்டும். ஆட்சேபணைக்கான கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, ஒரு கல்சுவர் எழுப்பிவிட்டால் போதாதா?

பதில்: சுவர் தனக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். முன்னால் இருக்கும் மணலை அது காப்பாற்றாது. அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலைப் பறிக்கும், கரை தாழ்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் மெட்மெரி என்ற இடத்தில் 2013-இல் கடலோடு மல்லுக்கட்டாமல், பழைய தடுப்புக் கரையைத் தாங்களே உடைத்துக் கடலை உள்ளே விட்டு, புதுத் தடுப்புக் கரையை உள்தள்ளிக் கட்டினார்கள்.

கேள்வி: நாங்கள் படகு ஏற்றி வைக்கிற, வலை காயப்போடுகிற இடமும் பாதுகாப்பு மண்டலத்துக்குள் வந்திருக்கிறது. எங்களையும் கிளப்பிவிடுவார்களா ஐயா?

பதில்: தம்பி, இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. படகும் வலையும் மணல்மேட்டைக் கொல்வதில்லை. ஆனால் அலுவலகத்தில் வரைகிற வரைபடத்தில் உங்கள் இடம் வெறும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாக இருப்பதை 'ஆளில்லாத நிலம்' என்று எடுத்துக்கொள்வார்கள். நானே அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு நேரில் போனபோது அங்கே பதினோரு படகுகள் நின்றன. அதைத் திருத்த இரண்டு வருஷம் பிடித்தது.

அதனால் விசாரணைக் கூட்டத்துக்கு முன்பே, ஊரில் மூத்த ஒருவரை அழைத்துக்கொண்டு கரை நெடுக நடங்கள். படகு நிற்கிற இடம், வலை உலர்த்துகிற இடம், கடலுக்கு இறங்குகிற வழி, எல்லாவற்றையும் அவர்கள் வெளியிட்ட அதே வரைபடத்தின் நகலில் பேனாவால் குறியுங்கள். அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள் என்ற பட்டியலில் இவை ஒவ்வொன்றும் பெயரோடு எழுத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். 'உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்' என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார்.