கத்துகிற நோயாளிக்கு முதலில் சர்க்கரை பாருங்கள்

அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: குடித்துவிட்டு வந்து கத்துபவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: போதை என்று முடிவு கட்டும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். சாராய வாடை தாங்காமல் எல்லோரும் ஒதுங்கி நின்ற ஒருவருக்குச் சர்க்கரை அளவு 38 தான் இருந்தது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. முதுகோடு ஒட்டிய சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டியிருக்கும். நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில், "நான் எங்க இருக்கேன்?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் குடித்திருந்ததும் உண்மைதான். வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுத்துவிடும். சர்க்கரை சரியாக இருந்தால் ஆக்சிஜன் அளவு, தலைக்காயம், காய்ச்சல் என்று தேடுங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் இப்படிக் குழம்பிக் கத்தினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை.

கேள்வி: கை ஓங்கினால்?

பதில்: இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். கதவுக்குப் போகும் வழி உங்களுக்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். ஒருவர் மட்டும் பேசட்டும். "கத்தாதீங்க" என்பதை விட, "ரொம்ப வலிக்குதா?" என்பது வேலை செய்யும். வேறு வழியின்றிப் பிடித்துக் கட்ட நேர்ந்தால், குப்புறப் படுக்க வைத்து அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம். கட்டிய பிறகு ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: "பின்னால் வந்தவரை முதலில் பார்க்கிறீர்களே" என்று உறவினர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இங்கே வரிசை வந்த நேரத்தைப் பார்த்து இல்லை, உயிராபத்தைப் பார்த்துத்தான் என்று வந்ததுமே சொல்லிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலே பாதிக் கோபம் தணியும்.

கேள்வி: நெஞ்சுவலியோடு வந்தவர், முதல் இசிஜி சரியாக இருக்கிறது என்றதும் வீட்டுக்குக் கிளம்புகிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு விடலாமா?

பதில்: ஏன் போகிறார் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் குழந்தை தனியாக இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கொடுத்தால் தங்கிவிடுவார். மாரடைப்பிலும் முதல் இசிஜி சரியாக இருக்கலாம், அதனால்தான் திரும்ப எடுக்கிறோம் என்று விளக்குங்கள். அப்புறம், என்ன ஆபத்து என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். புரிந்துகொண்டும் மறுத்தால் அது அவர் உரிமை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் என்றால் கொடுத்து, எந்த நேரமும் திரும்பி வரலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.