சரக்கு தரமாக இருந்தால் கமிஷன் கொடுக்கலாமா?

கேள்வி: தலைக்கவசத்துக்கான தாடைப் பட்டையும் கொக்கியும் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ராணுவ ஆர்டர் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆர்டர் கிடைத்த பிறகு எட்டு சதவீதம் கொடுத்தால் போதுமாம். சரக்கில் நான் குறை வைக்கப் போவதில்லை என்னும்போது இதில் என்ன தவறு?

பதில்: அந்த எட்டு சதவீதத்துக்கு அவர் உங்களுக்கு எதை விற்கிறார் என்று முதலில் பாருங்கள். ராணுவக் கொள்முதலில் விலைப்புள்ளியைத் திறக்கும் நாளைவிட முக்கியமானவை இரண்டு மேசைகள்: தேவையான பொருளின் விவரக்குறிப்பை எழுதும் மேசை ஒன்று, வந்த சரக்கைச் சோதித்து ஏற்புச் சான்றில் கையெழுத்திடும் மேசை மற்றொன்று. கொக்கியின் அகலத்தை ஒரே பட்டறையின் அச்சுக்குப் பொருந்துமாறு முதல் மேசையில் எழுதிவிட்டால், போட்டி அங்கேயே முடிந்துவிடும். சோதிப்பவர் குவியலுக்குள் தாமே கைவிட்டு மாதிரியை எடுக்காமல், விற்பவர் நீட்டும் பெட்டியை வாங்கிக்கொண்டால், மற்றப் பட்டைகள் எவ்வளவு இழுவையில் அறும் என்பது அதை அணிந்தவருக்கு மட்டுமே, அதுவும் காலம் கடந்துதான், தெரியவரும். தரகர் விற்பது இந்த மேசைகளைத்தான். இன்று உங்களுக்கு விற்பவர் நாளை மட்டச் சரக்குக்காரருக்கும் விற்பார்.

ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரி, கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை ஒத்த ஒரு வெற்றுக் கருவியை, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி இராக்குக்கு விற்றார். ஒரு மேசை மீது நேர்மையாகச் சோதித்திருந்தால் அரை மணியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். சோதனைச் சாவடிக் காவலர்களோ அதை நம்பி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 10 ஆண்டு சிறை கிடைத்தது 2013இல்தான். தென் கொரியாவின் டோங்யோங் மீட்புக் கப்பலை, 2014 ஏப்ரலில் சேவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியபோது அனுப்ப முடியவில்லை. மீன் கூட்டம் தேடும் ரகத்துச் சோனார் (ஒலியலையால் நீருக்கடியில் தேடும் கருவி) மீட்புக் கப்பலில் பொருத்தப்பட்டிருந்தது பின்னர் அம்பலமானது. தணிக்கை வரும், ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். கொக்கிக்கும் பட்டைக்கும்கூட ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தும் அமைப்பில் வேறென்ன எதிர்பார்ப்பது?

முகவர் என்றாலே குற்றவாளி அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில், ஆர்டர் கிடைத்தால் மட்டுமே கூலி என்ற ஏற்பாட்டுக்குப் பொதுவாகத் தடை உண்டு. எனினும் நிறுவனத்தின் உண்மையான ஊழியருக்கும், நிலையாக இயங்கும் விற்பனை முகமைக்கும் விலக்கு உண்டு. அந்த முகமை முறையற்ற செல்வாக்கைச் செலுத்தக் கூடாது என்பதோடு, ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று சொல்லிக்கொள்ளவே கூடாது என்பதும் நிபந்தனை. உண்மையில் ஆள் இல்லாமல் வெறும் பேச்சாகச் சொன்னாலும் விலக்கு போய்விடும். உங்களிடம் வந்தவர் அப்படிச் சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அவர் பெயரையும் கூலியையும் ஒப்பந்த விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதச் சம்மதமா என்று கேளுங்கள். தயங்கினால் அனுப்பிவிட்டு, சப்ளையராக நீங்களே நேரடியாகப் பதிவுசெய்யுங்கள்; மாதிரி நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.